சேலை கட்டாத வள்ளி

உங்கள் வீட்டுச் சுவர்களிலும் சாமிகள் இருந்தார்கள். மளிகைக் கடைக் காலண்டரில் வந்த முருகன், ஜவுளிக் கடை கொடுத்த லட்சுமி, ஊதுபத்திப் புகை ஏறி ஏறி மஞ்சளாகிப்போன மீனாட்சி. போடியில் என்னோடு வளர்ந்து என்னோடு நரைத்தவர்களே, உங்களுக்கு அவர்கள் போதுமாயிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க வேறு சாமிகள் குடியிருந்தார்கள். நிறமே இல்லாதவர்கள். கறுப்புக் கோடுகளால் மட்டும் ஆனவர்கள். துணி என்ற ஒன்றை ஏறக்குறைய அறியாதவர்கள்.

அவர்கள் ஜீப்பில் வந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டம் கைமாறியது. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்த முதலாளி, அங்கே ஏலக்காய் வாங்கிக்கொண்டிருந்த அப்பாவிடம், சுவரில் இருப்பதையெல்லாம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்பா அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்திருந்தார். சுண்ணாம்பு வாசம் போகாத வெற்றுச் சுவர்கள். தை மாதம் வீட்டில் கல்யாணம். வெற்றுச் சுவரோடு கல்யாணம் பண்ணலாமா?

ஜீப்பு மாமாவுடையது. அம்மாவின் தம்பி, பக்கத்தில் தேவாரம் என்கிற ஊர்க்காரர். விடியும்போது தோட்ட ஆட்களை மலைக்கு ஏற்றிப்போய்ச் சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். மலையாளத்து ஆட்களோடு பழகிப் பழகி, 'போதும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மதி' என்றும், 'ஆகட்டும்' என்பதற்கு 'ஆயிக்கோட்டே' என்றும் சொல்கிற பழக்கம் அவருக்கு. அன்றைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு மேகம் ஜீப்புக்குள் ஏறி எங்கள் மடியில் உட்கார்ந்துவிட்டுப் போனது. இருந்த ஒரே தார்ப்பாயை மாமா சாக்குச் சுற்றிய படங்களின்மேல் கட்டிவிட்டார். எனக்குப் பல் கிடுகிடுத்தது.

"அது நனையாம வரணும்னா நாம நனையணும் பாப்பா. ஆயிக்கோட்டே?"

"ஆயிக்கோட்டே மாமா."

"ஏ மாப்ளே, புள்ளைக்குச் சளி புடிச்சா உங்க அக்காகிட்ட நீதான் பதில் சொல்லணும்" என்றார் அப்பா.

"எங்க அக்காளுக்கு நான் என்னைக்கு மச்சான் பதில் சொல்லியிருக்கேன்? ஓடிருவேன்."

மறுநாள் கூடத்துத் தரையில் சாக்கைப் பிரித்தபோது முதலில் வெளியே வந்தது வாசம். அந்தப் படங்களைப் பல வருடம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் சுவரிலும் மாட்டியிருந்தார்களாம். சட்டத்தின் மரமெல்லாம் புகையும் பச்சை ஏலமும் ஊறிக் கிடந்தது. கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க, உள்ளேயிருந்து ஆட்கள் வந்தார்கள். தசை முறுக்கேறிய ஆட்கள். காற்றில் கூந்தல் பறக்கிற பெண்கள். பாதி மீனாயிருந்த குதிரைகள். மேகத்தில் உட்கார்ந்து கீழே பார்க்கிற தாடிக்காரர்கள். நான் மூச்சு விடவில்லை என்று பக்கத்தில் இருந்த அத்தை பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். விட்டிருக்க மாட்டேன்.

செப்புத் தகட்டில் ஊசிமுனையால் கீறி, மை அப்பி, காகிதத்தில் ஒற்றியெடுத்த பழங்காலத்துப் படங்களின் அச்சு அவை என்றும், கிரேக்கர்களின் புராணம் என்றும் நான் தெரிந்துகொள்ள இன்னும் பல வருடம் இருந்தது. அடியில் இருந்த எழுத்து இங்கிலீஷ்கூட இல்லை. ஆகவே பேர் வைக்கிற வேலையைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். அப்பாவின் அண்ணன். திருவிழாவில் நாடகம் என்றால் எட்டு ஊருக்கு நடந்துபோய்ப் பார்க்கிறவர், பாதிப் பாட்டு மனப்பாடம்.

சூலாயுதத்தோடு கடல்மேல் தேரோட்டி வந்தவர் சிவன். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அம்மா உடனே கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். சிறகு பிய்ந்து சூரியனிடமிருந்து தலைகீழாக விழுந்துகொண்டிருந்தவன், சடாயுவின் அண்ணன் சம்பாதி. உருண்டையான பாரத்தைத் தோளில் சுமந்து முழங்கால் மடங்கி நின்றவர், மலை தூக்கும் அனுமார்.

"வாலைக் காணமே அண்ணே?" என்றார் அப்பா.

"பின்னாடி இருக்கும்டா. முன்னாடி இருந்து படம் எடுத்தா வாலு எப்படித் தெரியும்?"

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய படம். ஒரு பெண் ஓடுகிறாள். பின்னால் ஓர் அழகான வாலிபன், தோளில் அம்பறாத்தூணி, கை அவள் இடுப்பைத் தொட்டாயிற்று. அவள் இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தியிருக்கிறாள். விரல்களில் இலை. ஓரத்தில் கவிழ்ந்த குடத்தின்மேல் சாய்ந்தபடி ஒரு தாடிக்காரக் கிழவர், குடத்திலிருந்து ஆறு ஒழுகுகிறது.

பெரியப்பா கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "இதுகூடத் தெரியலையா? தெனைப்புனத்துல வள்ளி. வெரட்டிட்டு வர்றவரு முருகன். இந்தா, வேங்கை மரம். கமண்டலத்தோட அகத்தியரு, காவேரியக் கவுத்துவிடுறாரு பாரு. ஏலே, இது கல்யாணப் படம்டா. பொண்ணு மாப்ள ரூம்புல இதை மாட்டு."

மலையடிவாரத்துக்காரர்களுக்கு இதைவிட மங்கலமான படம் எங்கிருந்து கிடைக்கும்? வேலனும் வேடனுமாய் வந்து, மரமாய் நின்று, கிழவனாய் நடித்து, மலைக்குறத்தியைக் கைப்பிடித்த கதை எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அப்பாவுக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏணி வந்தது, ஆணி வந்தது. மாடியில் கல்யாண ஜோடிக்கென்று ஒதுக்கிய அறையில் அந்தப் படம் ஏறியது.

கல்யாணம் அத்தைக்கு. அப்பாவின் கடைசித் தங்கை. மாப்பிள்ளை, ஜீப்பு மாமா. அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தேவாரத்திலிருந்து அம்மாவைக் கொடுத்தார்கள், ஆகவே எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் தேவாரத்துக்குப் போக வேண்டும். கொடுத்த இடத்தில் எடுப்பது. அம்மா இந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடமாடுவதே அந்தப் பேச்சின் பலத்தில்தான். அத்தை வயதுக்கு வந்த அன்றே முடிவானது. முடிவானதைப் போய் யாராவது கேட்பார்களா? சூரியனிடம் போய், கிழக்கேதான் உதிக்கப் போகிறாயா என்று யார் கேட்கிறார்கள்?

ஆனால் சாமிகளுக்குத் துணி இல்லையே. கல்யாண வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். காலண்டர் லட்சுமிக்குப் பட்டுத் துண்டும் சரிகையும் ஜிகினாவும் ஒட்டிச் சேலை கட்டிவிடுகிற வழக்கம் எங்கள் பக்கத்து வீடுகளில் இருந்ததல்லவா? அதையே இவர்களுக்கும் செய்வது. மழையில் வெளியே போக முடியாத மத்தியானங்களில் அத்தையும் நானும் மாடியில் உட்கார்ந்தோம். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, காகிதத்தை வெளியே எடுத்து, மைதாப் பசை காய்ச்சி, பழைய பட்டு ரவிக்கைகளை நறுக்கிக் கடல் கன்னிகளுக்குப் பாவாடை தைத்தோம். அனுமாருக்குச் சிவப்புச் சல்லடம். சம்பாதிக்கு எதைக் கட்டுவது, அவன்தான் தலைகீழாக விழுகிறானே என்று அத்தைக்கு அடக்க முடியாத சிரிப்பு.

"எதைக் கட்டினாலும் மூஞ்சியில வந்து விழும்டி."

அந்த மத்தியானங்களில்தான் நான் படத்தைப் பார்த்தேன். அதுவரை அதில் இருந்தவர்களைத்தான் பார்த்திருந்தேன். ஏலக்காயின் தரம் பார்க்க அப்பா வைத்திருந்த லென்சை எடுத்து வந்து காகிதத்தின்மேல் வைத்தால், ஆட்கள் காணாமல் போனார்கள். கன்னம் இல்லை, வளைந்த கோடுகள் மட்டும். இருட்டு இல்லை, குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற கோடுகளின் நெருக்கம் மட்டும். லென்சை எடுத்தால் மறுபடியும் கன்னம், மறுபடியும் இருட்டு. வைத்து எடுத்து, வைத்து எடுத்து, எனக்குத் தலை சுற்றியது. ஆகப் பெரிய அதிசயம் வெளிச்சம். அவர்களுடைய நெற்றியில், தோளில், முழங்காலில் விழுந்திருந்த அந்த வெளிச்சத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. கீறியவன் கையை எடுத்துவிட்ட இடம். அவ்வளவுதான். தொடாமல் விட்டதே இப்படி ஒளிருமா? ஒன்பது வயதில் இதை யாரிடம் கேட்பது? அத்தையிடம் லென்சைக் கொடுத்தேன்.

அத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் மடியில் அப்போது இருந்தது வள்ளி. அம்மா அதற்கென்றே ஒரு பச்சைப் பட்டுத் துண்டு கொடுத்திருந்தாள், மற்றவர்களுக்கெல்லாம் பழந்துணி, இவளுக்குப் புதுத்துணி. அத்தை லென்சை மெதுவாக நகர்த்தினாள். கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து பாதத்துக்கு. பாதத்தில் நிறுத்திவிட்டாள்.

"இங்க பாருடி. இவளுக்குக் காலு இல்ல."

பார்த்தேன். கால்விரல்கள் நீண்டு மண்ணுக்குள் போயிருந்தன. வேர். கணுக்காலிலிருந்து தொடைவரை பட்டை ஏறியிருந்தது, பாம்புத்தோல்போல வரிவரியாக. அவன் கை வைத்திருந்த இடுப்பில் அவன் விரலுக்கும் அவள் தோலுக்கும் நடுவே மரப்பட்டை முளைத்திருந்தது.

"மரமாகுறது முருகன்தான அத்தே? பெரியப்பா சொன்னாங்களே."

"நம்ம கதையில அவரு மரமாகுறாரு. இதுல இவ ஆகுறா." லென்சைக் கீழே வைத்தாள். "ஓடிப் பாத்திருக்கா. முடியல. மரமாப் போயிட்டா."

வெளியே மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தையின் கை மயிர் சிலிர்த்திருந்ததை நான் பார்த்தேன். யாரோ, எந்தத் தேசத்திலோ, எந்தக் காலத்திலோ, இவளுடைய நெஞ்சுக்குள் கிடந்ததைச் செம்பில் கீறிக் கடல் தாண்டி மலை ஏற்றி இறக்கி மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

பச்சைப் பட்டுத் துண்டை அவள் நறுக்கவே இல்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மட்டும் ஏன் கட்டலை?" என்றாள்.

"இவளுக்குப் பட்டையே சேலை மதினி."

"என்ன பேச்சு இது. வெரசா முடி. கார்த்திகை பொறந்தா தேவாரத்துல இருந்து நிச்சயத்துக்கு வந்துருவாக."

"மதினி." அத்தை தலை நிமிரவில்லை. "எனக்கு இது வேண்டாம். உங்க தம்பி மேல ஒரு குறையும் சொல்லலை. எனக்கு மனசு வரலை."

அம்மா கதவைச் சாத்தினாள். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது பயம். "வாயக் கழுவு. உங்க அண்ணன் காதுல விழுந்தா என்ன ஆகும்? நீ இங்கிட்டு வேண்டாம்னா, அங்கிட்டு எங்க அக்கா சும்மா இருப்பாளா? நான் எந்த மொகத்தோட இந்த வீட்டுல சோறு போடுவேன்? பொறந்த வீட்டு வாசப்படி எப்படி மிதிப்பேன்? சொல்லு."

அம்மா சொன்னதும் நிஜம்தான். ஒருத்தி தப்பித்தால் இன்னொருத்தி அகப்படுவாள், முடிச்சு அப்படிப் போடப்பட்டிருந்தது. அம்மா அத்தையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கார்த்திகையில் ஒரு நல்ல நாளில் தேவாரத்தார் வந்தார்கள். தாம்பாளங்கள், வாழைத்தார், பூ. முன்னால் அம்மாவின் அக்கா, பெரியம்மா. தாய் தகப்பன் இல்லாத மாமாவுக்கு எல்லாமே அவள்தான். கூடத்தில் சரிகை கட்டிய சாமிகளைப் பார்த்து வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பெரியப்பா ஒவ்வொன்றின் கதையையும் பாட்டோடு சொன்னார். சிவனுக்குச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"மேல ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க" என்று அப்பா மாடிக்குக் கூட்டிப்போனார். அலங்கரித்து உட்கார வைத்திருந்த அத்தை சுவரோரம் எழுந்து நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்திருந்தேன்.

பெரியம்மா படத்தைப் பார்த்தாள். "வள்ளிக்கு ஏன் ஒண்ணும் கட்டலை? அம்மணமா நிக்கிறா."

"கட்டிருவா, கட்டிருவா. சோலி மிச்சம் கெடக்கு" என்றாள் அம்மா அவசரமாக.

எல்லாரும் இறங்கினார்கள். மாமா இறங்கவில்லை. படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலையைச் சாய்த்து, பிறகு குனிந்து, பாதத்தருகே போய்ப் பார்த்தார். கண்ணாடியில் அவருடைய முகமும் அந்த வாலிபனுடைய முகமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

"இது நம்ம வள்ளி இல்லையே புள்ள" என்றார் திரும்பாமலே.

அத்தை சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"இவன் மூஞ்சியைப் பாரு. புடிச்சிட்டோம்னு சிரிக்கிறான் கிறுக்குப் பய. கையில இருக்குறது மரம்னு அவனுக்கு இன்னும் தெரியல." திரும்பினார். அவருடைய கறுத்த முகத்தில் அப்போது இருந்ததற்குப் பேர் எனக்குத் தெரியாது. "உன்னத்தான் கேக்குறேன். உனக்குச் சம்மதமா?"

கீழே தாம்பாளங்களை வைக்கிற சத்தம். யாரோ எதற்கோ சிரித்தார்கள். அத்தை என் கையிலிருந்து முந்தானையை விடுவித்துக்கொண்டாள்.

"இல்லை" என்றாள். "ஆனா நான் சொன்னா மதினி..."

"மதி" என்றார் மாமா. கையை லேசாக உயர்த்தி, அவ்வளவு போதும் என்பதுபோல. என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ ஒண்ணும் கேக்கலை. ஆயிக்கோட்டே?"

தலையாட்டினேன். அவர் இறங்கிப் போனார்.

அன்றைக்குக் கீழே நடந்ததை ஊரே சொல்லும், உங்களில் சிலர் கேள்விப்பட்டும் இருப்பீர்கள். தட்டு மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளை எழுந்து நின்று, எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அப்பா சட்டையைப் பிடித்தார். "எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்னடா கொறை?" மாமா, "கொறை எங்கிட்டதான் மச்சான்" என்று மட்டும் சொன்னார். பெரியம்மா எல்லார் முன்னிலும் அவரைக் கன்னத்தில் அறைந்தாள். வாங்கிக்கொண்டார். மலைக்கு மேலே அவருக்கு ஒரு மலையாளத்துக்காரி இருக்கிறாள் என்று சாயங்காலத்துக்குள் கதை கட்டிவிட்டார்கள். அந்தக் கதையையும் அவர் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

பழி முழுக்கத் தேவாரத்தின் பக்கம் விழுந்தது. ஆகவே எங்கள் வீட்டில் அத்தை பாவப்பட்டவள் ஆனாள். அம்மாவோ, தம்பி செய்த அவமானத்துக்காக எல்லாரும் இரக்கப்படுகிறவள் ஆனாள். அப்பாவே அவளிடம், "நீ என்ன தாயி பண்ணுவ" என்றார். அன்றைக்கு அப்பா அந்தப் படங்களையெல்லாம் கழற்றினார், ராசி இல்லை என்று. சில பரண்மேல் கரையானுக்குப் போயின, சில யார் வீட்டுக்கோ போயின. மாடியில் இருந்தது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன்.

மாமா எங்கள் வீட்டுக்கு அதன்பின் வரவில்லை. மார்கழிப் பனியில் ஜீப்பு எங்கள் தெருமுனையைக் கடக்கும் சத்தம் கேட்டால், அம்மா ஒரு நொடி கையை நிறுத்துவாள். அவருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை வெகுகாலம். நல்ல குடும்பத்தை நடுச்சபையில் அவமானப்படுத்தியவனுக்கு யார் கொடுப்பார்கள்? அத்தைக்கு அப்பா வேறு இடம் பார்த்தார். இந்தமுறை ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் அவளைக் கூப்பிட்டு, "உனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டார். அவள் மூன்று இடத்தை வேண்டாம் என்று சொல்லி, நாலாவதைச் சரி என்றாள். சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர்.

மாடியில் நடந்ததை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வாங்கிய அடி வீண் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியிருக்க வேண்டும். இதை நாங்கள் ஒருமுறைகூடப் பேசி வைத்துக்கொண்டதில்லை.

எண்பதுகளின் கடைசியில் மாமா காமாலையில் போய்விட்டார். கல்யாணம் ஆகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. செய்தி வந்ததும் அம்மா அத்தனை வருடக் கோபத்தையும் வாசலிலேயே போட்டுவிட்டுத் தலைவிரி கோலமாகத் தேவாரத்துக்கு ஓடினாள். நான் கூடப் போனேன். முற்றத்துப் பந்தலில் உச்சி வெயில். பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரியும், அந்த வட்டத்தில் யார் எங்கே உட்காருவது என்பதற்கு முறை உண்டு. மனைவி, அக்கா, தங்கை, மாமியார். எழவு வீட்டில்கூட இடம் தவறிவிட முடியாது.

மத்தியானம் அத்தை வந்தாள். தனியாக, பஸ்சில். யாரிடமும் எதுவும் சொல்லாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்து, மாமாவின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் உட்காரக் குனிந்தாள். பெரியம்மா கண்ணை மூடி அரற்றிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. மாமாவுடைய மனைவியின் ஊர்க்காரி ஒருத்தி கையை நீட்டித் தடுத்தாள்.

"இந்தாம்மா. இது உரிமைக்காரவுக உக்கார்ற இடம். நீ என்ன முறை இவருக்கு?"

அழுகை கொஞ்சம் அடங்கியது. அம்மா தலை தூக்கிப் பார்த்தாள். அத்தை பாதி குனிந்த நிலையிலேயே நின்றாள். மாமாவின் முகத்தைப் பார்த்தபடி, அழாமல், தெளிவாகச் சொன்னாள்.

"ஒரு முறையும் இல்லைத்தா. அன்னைக்கு எங்க வீட்டுல அத்தனை பேரு இருந்தாக. இவுக ஒருத்தருதான் எங்கிட்ட, சம்மதமான்னு கேட்டாக."

அம்மாவின் கை என் தோளில் இறுகியது. மாமாவின் மனைவி நிமிர்ந்து அத்தையை ஒருகணம் பார்த்தாள். பிறகு மடக்கியிருந்த காலை இழுத்துக்கொண்டு, தனக்கும் அவர் தலைக்கும் நடுவில் இடம் விட்டாள்.